சாக்ஸபோனுக்குக் குறைந்த வரிகள்

"அவருக்கு மூச்சு கொறஞ்சுட்டே வந்தது பூரா இதுலயே இருக்குதுங்க தம்பி."

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் மடியில் இசைக்குறிப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார். போன மாதம் இறந்துபோன அவர் கணவர் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் என்பதும், பக்கத்திலிருந்தவர் அதே குழுவில் வயலின் வாசிப்பவர் என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தன.

"எதுலீங்க அக்கா?"

"யாரு போட்ட பாட்டா இருந்தாலும் உங்க நாலு பேருக்குத் தக்கன மாத்தி எழுதுவாரில்ல. இந்த ஒரு பாட்டை மூணு தடவை எழுதியிருக்காரு. மொதல்ல பூராவும் சாக்ஸபோனுக்கு. அடுத்ததுல பாதி உங்க வயலினுக்கு. கடைசில அவருக்கு நாலே வரி."

வயலின்காரர் நோட்டை வாங்கி, பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"எனக்கு நல்லா வருதுன்னு குடுக்கறாருன்னுதான் நெனச்சனுங்க. ஊட்ல போயிப் பெருமையாக்கூடச் சொன்னேன்."

"உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. சந்தைக்குப் போயிட்டு வந்தா, மேடு ஏறறப்ப மட்டும் பையை எங்கிட்டக் குடுத்துருவாரு. சோம்பேறின்னு வைவேன். சிரிச்சுட்டே பின்னாடி வருவாரு."

எல்லநள்ளியில் இருவரும் இறங்க எழுந்தார்கள். காலடியில் இருந்த காய்கறிப் பைக்கு வயலின்காரர் கை நீட்டினார்.

"குடுங்க அக்கா, மேடு ஏறோணுமில்ல."

"வேண்டாங்க தம்பி. எனக்குப் பழகிப்போச்சு."