மை மறைத்த கன்னம்

மலேசியாவின் கிள்ளான் ரயிலில், நான்கு வயது மகளை மடியில் வைத்திருந்த பெண்ணை, பழைய அண்டைவீட்டுக்காரி அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்:

“கைக்கொழந்தையில இவ கன்னத்துல செவப்பா இருந்த ரத்தக்கட்டி எங்கடி? வெட்டி எடுத்தாச்சா?”

“இல்லக்கா. தானா வத்திரும், பொறுங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பவே இல்ல லா.”

“நம்பாமத்தானே திருஷ்டிப் பொட்டுன்னு சொல்லி, பெருசா மைய அப்பி மறைச்ச!”

“ஆமாக்கா. நேத்து கோயிலுக்குக் கிளம்புறப்ப, பழக்கத்துல மைய எடுத்துட்டேன். எந்தக் கன்னம்னு ஒரு நிமிசம் எனக்கே தெரியல. வைக்காமலே கூட்டிட்டுப் போனேன்.”

மூத்தவர் சிறுமியின் முகத்தைச் சன்னல் வெளிச்சத்திற்குத் திருப்பி, இரு கன்னங்களையும் மெல்லத் தடவினார். மாசு மறுவில்லை. நெடுநேரம் அவர் பார்வை அகலவில்லை.

“இனிமேத்தாண்டி பொட்டு வைக்கணும். என் கண்ணே பட்டுரும் போல.”