வெள்ளி வரவேண்டிய இடம்

பட்டப்பகலில் வெள்ளிக் கோளைப் பார்க்கலாம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பார்க்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பூமியில் ஓர் இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல வானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, வடக்கே தெற்கே எத்தனை பாகை என்பது. மற்றது கிழக்கு மேற்குக் கணக்கு. அதை மணி, நிமிடம் என்றே சொல்வோம். வானம் சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா, அதனால். வானாய்வுக் கூடத்தில் இந்த இரண்டையும் கணக்கிட்டு வாசிப்பது என் வேலை. தொலைநோக்கியைத் திருப்பிக் கண் வைத்துப் பார்ப்பது தம்பியின் வேலை. பத்தொன்பது வருடமாக அப்படித்தான். என் எண்ணை அவன் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை.

பேர் அவனுக்குத்தான் வந்தது. வால்நட்சத்திரம் கண்டவன் என்று வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள். அதற்காக நான் வயிறெரிந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

போன மாதம் பெரிய கூடம் ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அங்கே எண்களையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். சாப்பிடும்போது சொன்னான்.

"எத்தனை நாளைக்குண்ணா எனக்காக மண்டைய உடைச்சிக்குவே? இனியாவது நிம்மதியா இரு."

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அம்மா கண்மூடும்போது அவன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நிம்மதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வேலையை ஆரம்பித்தோம். வெள்ளி சூரியனை ஒட்டியே போய்க்கொண்டிருந்த வாரம் அது. அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் அதைத் துரத்துவதில்லை. அது வரப்போகும் இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். வானம் நகர்ந்து அது தானாக வந்து சேரும். வெளி வெளிச்சம் உறுத்தாமலிருக்கப் பார்ப்பவன் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்துவோம். துணிக்குள் இருப்பவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதைக் கவனித்துக்கொள்வது எண் வாசிப்பவனின் பொறுப்பு.

இரண்டு எண்களையும் நிதானமாக வாசித்தேன். துணியை நானே போர்த்திவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும், கண்ணை எடுத்தால் கோட்டை விட்டுவிடுவாய் என்றேன்.

எட்டாவது நிமிடம் துணிக்குள்ளிருந்து கேட்டான்.

"என்னண்ணா, வெளிச்சம் கூடிட்டே போகுது?"

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அப்படியே இருடா."

சிரித்தான். அப்படியே இருந்தான்.

நான் வாசித்தவை வெள்ளியின் எண்கள் அல்ல. இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் சூரியன் வந்து நிற்கும் இடத்தின் எண்கள். கண் தவறி வேறு வரியைப் படித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இத்தனை வருடத்தில் ஓர் எண்ணைக்கூட நான் தவறாகப் படித்ததில்லை. அந்தப் பேராவது எனக்கு இருக்கட்டும்.

பன்னிரண்டாவது நிமிடம் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிதாக வலித்திருக்காது என்று கண் மருத்துவர் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருந்தது. இடது கண் அவனுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. நாங்கள் இருவரும் விளையாடிக்கொண்டிருந்தபோது நடந்தது. அதைப் பற்றி அப்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தானே கைப்பிடியைத் தவறாகத் திருப்பிவிட்டதாகத் தம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறானாம். பொய். என்னைக் காப்பாற்றச் சொல்கிறான். அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கும், அவன் ஒன்றும் மண்டு இல்லை. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போகப் போகச் சரியாகிவிடும்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா? கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். ஒரு மணிக்குள் அவனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?