லோக்கல் சேனல் வராத டிவி

இந்த ஓடிடி டிவியில எனக்கு ஒரே ஒரு குறைதான், மச்சான். ரிமோட்டுல நம்பரே கிடையாது. ஷீலா மொத வாரம் பூரா அதத் தடவித் தடவிப் பாத்துட்டு, "இதுல முப்பத்தேழ எங்கன வச்சிருக்கான்?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. முப்பத்தேழுதான் நம்ம லோக்கல் சேனல்.

உக்காருங்க, டீ சொல்லுதேன். வேண்டாமா, சரி. மச்சான்னு கூப்பிட எனக்கு யோக்கியத இல்ல, தெரியும். அவ என்னக் கட்டி பதிமூணு வருசம் ஆச்சு, நீங்க எம் பாத்திரக்கடைப் படி ஏறினது இன்னைக்குத்தான். வந்த வேகத்துல, "எங்கப்பா செத்து ஒரு வருசம் ஆகப் போகுது, பெத்த மக வந்து மொகம் பாக்கல, ஒம் பொண்டாட்டி என்ன கல்லா?"ன்னு கேட்டிய. நியாயமான கேள்வி. கல்லு அவ இல்ல.

வேதக்காரப் பிள்ள போயும் போயும் ஒரு இந்துப் பயலக் கட்டிட்டாளேன்னு வாசுதேவநல்லூர்ல உங்க வீட்டுக் கதவ அடச்சிய. அதத் தப்புன்னு சொல்ல நான் யாரு. அவளும் வீம்புக்காரி, உங்க யாரு நம்பரும் வச்சுக்கிடல. ஆனா சாயங்காலம் ஏழு மணியானா, கையில என்ன வேல இருந்தாலும் அப்படியே போட்டுட்டு டிவி முன்னால வந்து உக்காந்திருவா. ஏழு மணிக்கு இரங்கல் செய்தி. சங்கரன்கோவில்ல இருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் அன்னைக்குச் செத்தவங்க போட்டோ மாலையோட ஒவ்வொண்ணா வரும். "ஏட்டி, இழவுச் செய்தியில அப்படி என்ன ருசி ஒனக்கு?"ன்னு ஒரு தடவ கேட்டேன். "எங்கப்பா மொகம் வருதான்னு பாக்கேன். வரலன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம்லா"ன்னா. வரலன்னு தெரிஞ்ச பொறகுதான் எந்திரிச்சுப் போயி தோசக்கல்ல அடுப்புல வைப்பா.

போன வருசம் ஆனி பிறந்ததும் மாமா இங்க வந்தாரு. இது உங்களுக்குத் தெரியாது. அந்தா, அந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. ஆளு பாதியா இருந்தாரு. வயித்துல கட்டி, டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு சொன்னாரு. "மருமவனே, அவள ஒரு எட்டு கூட்டிட்டு வாரும். நான் ஒண்ணும் பேசமாட்டேன், பாத்தாப் போதும்"னாரு. மொத தடவையா மருமவனேன்னு கூப்பிடுதாரு. மகளுக்கு நேரா வந்து நிக்க வெக்கம், அதான் எங்கிட்ட வந்திருக்காரு. நான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு, "நாளைக்கே கூட்டிட்டு வாரேன், மாமா"ன்னேன். சொல்லும்போது அது பொய்யில்ல, பாத்துக்கோங்க.

வீட்டுக்குப் போற வழியிலதான் புத்தி கெட்டுது. எங்களுக்குப் பிள்ளைக கிடையாது. போக்கிடம் இல்லாததுனாலதான் இவ எங்கூட இருக்காளோ, கதவு தொறந்துட்டுன்னா போயிருவாளோன்னு ஒரு நெனப்பு. அங்கன அத்த இருக்காக, நீங்க இருக்கிய, அவ பாடித் திரிஞ்ச சர்ச்சு இருக்கு. இங்கன நான் ஒருத்தன், நாலு சுவரு. அவ திரும்பி வருவான்னு இன்னைக்குச் சத்தியம் பண்ணுவேன். அன்னைக்கு நம்பிக்க வரல. அன்னைக்குச் சொல்லாம விட்டேன். மறுநாள் சொல்ல வாயெடுத்தேன், நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பாளேன்னு விட்டுட்டேன். பத்து நாள் அப்படியே போச்சு.

பதினோராம் நாளு மாமா கடை போர்டுல இருக்க நம்பருக்குப் போன் பண்ணாரு. அதுல நான் என்ன சொன்னேங்கதப் பொறவு சொல்லுதேன். சொல்லாம போகமாட்டேன். போன வச்சதும் எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். இந்த மனுசன் செத்தா ஏழு மணிக்கு எங்க வீட்டு டிவியில வந்திருவாரு.

அந்த வாரமே பெரிய டிவியா ஒண்ணு வாங்கி, நெட்டும் போட்டேன். எங்க கல்யாண நாளும் வந்துது, காரணம் தேட வேண்டியதில்ல. செட்டாப் பாக்ஸக் கழட்டி நானே கேபிள்கார இர்ஷாத்துகிட்டக் குடுத்தேன். "அண்ணாச்சி, அதுல லோக்கல் சேனல் வராதே, அக்கா தேடுவாங்களே"ன்னான். "அவளேதான் வேண்டாம்னுட்டா"ன்னேன். ஷீலாவுக்கு அம்புட்டு சந்தோசம். "எங்க வீட்டுக்காரரு எனக்குன்னே வாங்கினாரு"ன்னு தெருப் பூரா சொல்லிட்டு வந்தா. ஏழு மணிக்கு மட்டும் இருப்புக்கொள்ளாம உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தா. நான்தான் சொன்னேன், "கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில அந்தச் சேனல்தான் ஓடுது, தெனமும் பாத்துட்டு வந்து சொல்லுதேன்"னு. நம்பிட்டா. அதுல இருந்து நான் செருப்பக் கழட்டுமுன்ன கேப்பா, "இன்னைக்கு யாருமில்லியே?" "யாருமில்ல"ம்பேன். அப்புறம்தான் தோசக்கல்லு.

இங்க ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு மூணாம் நாளு மாமா மொகம் வந்துது. டீக்கடையில கிளாசக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு போட்டு, கீழ உங்க பேரு, அதுக்கடுத்து "மகள் ஷீலா, மருமகன் மகாராஜன்"னு ஓடுது. இந்த ஊர்ல மகாராஜன்னா நூறு பேரு, ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கல. எனக்குத்தான் உடுதுணி இல்லாம நடுரோட்டுல நிக்க மாதிரி இருந்துச்சு. ஆனா டீயக் குடிச்சு முடிச்சேன். அதச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. வீட்டுக்குப் போனேன். "யாருமில்லியே?"ன்னா. "யாருமில்ல"ன்னேன்.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம்னு போட்டிருந்திய. மூணரைக்கே கடைய அடச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அந்த நேரம் அவளத் தனியா விடக்கூடாதுன்னு தோணிச்சு. சிரிப்புத் தொடர் ஒண்ணு பாத்துக்கிட்டிருந்தா. என் தோள்ல சாஞ்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அவ சிரிக்கும்போது நான் சும்மா இருந்தா நல்லா இருக்காதுன்னு நானும் சிரிச்சேன்.

உங்க மேல தப்பு சொல்ல முடியாது. பகையாளி வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லமாட்டோம், லோக்கல் சேனல்ல போட்டுட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரின்னுதான் நம்ம பக்கத்து வழக்கம். பேரையும் சேத்து மூணு நாளு போட்டிய. பாத்துட்டும் வரலியேன்னு அவளக் கரிச்சுக் கொட்டியிருப்பிய. அவ என்னடான்னா போன மாசம் மாமா பொறந்த நாளுன்னு கேசரி கிண்டுதா. "எழுவத்தினாலு முடிஞ்சிட்டு, மனுசன் கெட்டிதான்"னு பெருமப் படுதா. நான் ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்.

அந்தப் போன் விசயத்துக்கு வாரேன். "மருமவனே, அவகிட்டச் சொன்னீரா?"ன்னாரு. மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். அவளுக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "சொன்னேன், மாமா. எங்கப்பா எனக்கு என்னைக்கோ செத்தாச்சுங்கா. வரமாட்டாளாம்." அதுக்கு அவரு சொன்னாரு, "சரிதான்வே. நான் செஞ்சதுக்கு இது வேணும். என்னச் சாக்கா வச்சு அவள ஏசிராதேயும்." அதுக்கப்புறமும் அவ பேர நோட்டீசுல போடச் சொல்லிட்டுத்தான் போனாருன்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.

கை ஓங்குனிய, ஏன் எறக்கிட்டிய. அடிங்க, வாங்கிக்கிடுதேன்.

வீடு எங்கன இருக்குன்னு கேக்கிய. இப்பமே போயி அவகிட்டச் சொல்லணும்ங்கிய. அது மட்டும் வேண்டாம், மச்சான். அவளுக்குப் பிரசர் இருக்கு, திடுதிப்புன்னு போட்டு ஒடச்சா தாங்கமாட்டா. அவள எப்படிப் பாத்துக்கிடணும்னு எனக்குத்தான் தெரியும். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, நானே பக்குவமாச் சொல்லிருதேன். அதுக்கு ஒரு நல்ல நாளு வரட்டும்னுதான் இந்த ஒரு வருசமாக் காத்துக்கிட்டிருக்கேன்.