அரை மில்லிமீட்டர் இடுக்கு

எனக்கு லிஃப்டைவிடப் படிக்கட்டுதான் பிடிக்கும். நான்கு மாடி ஏறி இறங்கினால் உடம்புக்கு நல்லது என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இங்கே என்னைக் கூட்டிவந்த அன்றும் உங்கள் காவலர் லிஃப்டைக் காட்டினார். நான் படியேறித்தான் வந்தேன். பாவம், அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு என்று தாளும் பேனாவும் தந்திருக்கிறீர்கள் ஐயா. எழுதுகிறேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

கைப்பேசி வடிவமைக்கிற இடத்தில் சக்கர நாற்காலியை எதற்குக் கம்ப்யூட்டரில் வரைந்தாய் என்பது உங்கள் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பேசிக்குள் ரேடியோ அலை அனுப்பும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்த அலை ஆன்டெனா வழியாக மட்டுமே வெளியே போக வேண்டும். வேறு வழியில் கசிந்தால் பக்கத்தில் இருக்கிற கருவிகளைக் குழப்பிவிடும். அதற்காக அந்தப் பகுதியின் மேல் ஒரு தகர மூடி போட்டிருப்போம். கசிகிறதா இல்லையா என்பதைக் கைப்பேசி செய்யப்படுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. சிமுலேஷன் என்பார்கள், நாங்கள் கணக்கு என்போம்.

கைப்பேசியை முழுதாக வரைந்து, அதைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அலை எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். ஒரு திருகாணியின் மரையைக்கூட விடாமல் வரைந்தால் ஓர் இரவு முழுக்க ஓடும். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? ஆகவே எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுவதற்கு முன்னால் பொடிசுகளை அழித்துவிடுவோம். மரை, கீறல், முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த இடுக்கு, எல்லாவற்றையும் மென்பொருளே பட்டியல் போட்டுக் காட்டும். ஒரு தட்டு தட்டினால் அடைத்துவிடும். இதற்குச் சுத்தம் பண்ணுவது என்று பெயர்.

நானும் சுத்தம் பண்ணினேன். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் ஐந்து சென்டிமீட்டர். மென்பொருள் அகலத்தைப் பார்த்து அதையும் பட்டியலில் சேர்த்திருந்தது. அலை தப்பித்துப் போவதற்கு அகலம் ஒரு பொருட்டே இல்லை, நீளம்தான் முக்கியம். கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள். நான் பட்டியலைப் படிக்காமல் சரி என்று தட்டினேன். அறிக்கை கண்ணாடி மாதிரி வந்தது. கையெழுத்துப் போட்டேன். அச்சு வெட்டி, நான்கு லட்சம் மூடி அடித்துவிட்டார்கள்.

என் கணக்கை அளந்து சரிபார்ப்பவர்தான் கூண்டண்ணன். கீழ்த்தளத்தில் சுவரெல்லாம் கருப்புப் பஞ்சுக் கூம்பு ஒட்டிய இரும்பு அறை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே நுழையாது. அதைக் கூண்டு என்போம். அதை ஆண்டவர் அவர். சின்ன வயதில் ஒரு விபத்தில் இரண்டு காலும் போய்விட்டது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில்தான் வருவார். வலது கைப்பிடியில் அதை ஓட்டும் குச்சி இருக்கும். குச்சியை ஒட்டி ஒரு பை, பைக்குள் கைப்பேசி. கை எப்போதும் குச்சியில் இருக்க வேண்டும் என்பதால் காதில் புளூடூத் மாட்டிக்கொண்டுதான் பேசுவார்.

வாய் சும்மா இருக்காத மனிதர். "அளந்து பாக்காத கணக்கு வெறும் படம்தான் தம்பி" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். என் மகளை மடியில் உட்காரவைத்து நாற்காலி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் அவரை நாற்காலி மாமா என்றுதான் கூப்பிடுவாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் புது மாடல் கடைக்குப் போவதற்கு முன் நாங்களே அதைச் சொந்தக் கைப்பேசியாக வைத்துப் பழக வேண்டும். அண்ணனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். சட்டப்படியான அளவீட்டில் அந்த மாடல் தேறியிருந்தது. அது மூன்று மீட்டர் தள்ளி எடுக்கிற அளவு. அரை முழத்தில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் நானும் அவரும் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவருக்கு அழைப்பு வந்தது. நாற்காலி தானாக ஒரு சாண் முன்னே போய்க் கதவில் முட்டி நின்றது. அவர் கை குச்சியில்கூட இல்லை.

"பாத்தியா தம்பி, இதுக்கும் என்னப் புடிக்காமப் போச்சு" என்று சிரித்தார்.

"குச்சி தேஞ்சிருக்கும்ணே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. லிஃப்ட் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே சிக்னல் குறைவு. சிக்னல் குறைந்தால் கைப்பேசி தன் முழு பலத்தோடு அலையை அனுப்பும். அது கசிந்து பக்கத்தில் இருந்த குச்சியைக் குழப்பியிருக்க வேண்டும். மேலே போனதும் பழைய வரைபடத்தைத் திறந்தேன். அடைத்த இடுக்கைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரையில் அந்த இடுக்கு நெடுக ஒரு சிவப்புக் கோடு வந்தது.

அப்போதே கீழே போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லத்தான் எழுந்தேன். தலைமைப் பொறியாளர் என் கையெழுத்தைப் பெரிய திரையில் போட்டு, அறை நிறைய ஆட்கள் திரும்பி என்னைப் பார்க்கிற காட்சி ஒன்று கண்முன் வந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்தக் காட்சியே போதும், வரைபடத்தை மூடிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் லிஃப்டில் ஏறுவதில்லை. நாற்காலி மோட்டாரின் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். இந்த அறையின் மின்விசிறிகூட அந்த ஸ்தாயியில்தான் சுற்றுகிறது. முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். "காலிங் பெல் அடிச்சாலே தூக்கிவாரிப் போடுதே, யாருக்குங்க இப்படிப் பயப்படுறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தச் சத்தம் என் அறை வாசலில் வந்து நின்றது.

"தம்பி, மெக்கானிக் பாத்துட்டான். குச்சி புதுசாட்டம் இருக்காம். வியாழக்கெழம கூண்டு காலி. நாற்காலியையும் போனையும் உள்ள வெச்சு ஒரு தடவை அளந்துடுவோம். நீயும் வந்துடு."

"எதுக்குண்ணே மெனக்கெடணும்?"

"என் நாற்காலி நகந்தா நான் சிரிச்சிட்டுப் போயிடுவேன். கடையில வாங்கினவன் நாற்காலி ரோட்டோரம் நகந்தா? அவன் சிரிப்பானா?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். வியாழக்கிழமை வரை அந்தப் போனைப் பின்பக்கப் பையில் போடுங்கள் என்று நானும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்காலியை வரைந்தது ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காகத்தான். பொறுப்புள்ள எவனும் அதைச் செய்வான். நாற்காலிக் கம்பெனியின் கையேட்டிலிருந்து அளவு எடுத்தேன். குச்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர், பைக்குள் கைப்பேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது, எல்லாம் வரைந்தேன். சரக்கு மேடையையும் ஏன் வரைந்தாய் என்று கேட்டீர்கள். அண்ணன் மதியம் சாப்பிட்டதும் கட்டடத்துக்குப் பின்னால் அந்த மேடைக்குத்தான் போவார். லாரிகள் ரிவர்ஸில் வந்து மேடையை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு, டிரைவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டு வெயிலில் இருப்பார். பின்னால் கான்கிரீட் சுவர். லிஃப்ட் அளவுக்கே சிக்னல் மோசம். சுவரை விட்டுவிட்டால் கணக்கு அரைகுறையாகிவிடும்.

மேடை மார்பளவு உயரம். ஓரத்தில் இருந்த இரும்புத் தடுப்பைச் சரக்கு ஏற்ற இடைஞ்சல் என்று போன வருடமே எடுத்துவிட்டார்கள். நாற்காலியை அணைத்தால் மறுபடி கிளம்ப நேரமாகிறது என்று அவர் அணைப்பதே இல்லை. தினமும் ஒரே இடத்தில் நிறுத்துவார். டயர் தடம் பதிந்திருந்தது. தடத்திலிருந்து விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர்.

திங்கள் மாலையே கணக்கை ஓடவிட்டுப் போய்ச் செவ்வாய் காலையில் வந்து பார்த்தேன். ஒன்பது மணி நேரம் ஓடியிருந்தது. இந்த முறை நான் எதையும் சுத்தம் பண்ணவில்லை ஐயா. ஒரு மரையைக்கூட அழிக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்த உங்கள் ஆளுக்கே தெரியும். பைக்குள் இருக்கிற போன் விடாமல் அலை அனுப்பினால் நாற்காலி எந்தத் திசையில், எத்தனை வினாடியில், எவ்வளவு தூரம் போகும் என்று துல்லியமாக வந்திருந்தது. முன்பக்கம்தான் போகும்.

புதன்கிழமை நடந்ததை எல்லோரும் விபத்து என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி மட்டும் நூற்றிருபது கிலோ, அவர் மேலேயே விழுந்தது, அங்கேயே உயிர் போய்விட்டது. தூக்கியவர்களில் நானும் ஒருவன். தலைமாட்டில் பிடித்திருந்தேன். வியாழக்கிழமை கூண்டு காலியாகவே இருந்தது. ஐந்து வாரம் கழித்துச் சொன்ன தேதியில் போன் கடைக்கு வந்தது, நான்கு லட்சம். இத்தோடு பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. தெருவில் யார் கையில் அந்த மாடலைப் பார்த்தாலும் அவர்களுக்குப் பக்கத்தில் என்ன கருவி இருக்கிறது என்று என் கண் தேடும். நேற்று உங்கள் எழுத்தரைப் பார்த்தேன். சர்க்கரைக்கு மருந்து ஏற்றும் பம்பை இடுப்பில் மாட்டியிருக்கிறார். அதே பெல்ட்டில் எங்கள் போன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

இனி அந்த அழைப்பு ஒன்றுதான் பாக்கி. ஓரத்தில் இருக்கிறீர்களே, பின்னால் வாருங்கள் என்று எச்சரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்ததா என்று நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். திறந்திருந்தது. அழைப்பதற்காக நான் இறங்கிவந்து நின்றது முதல் மாடி ஜன்னல்; சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

மணி ஒன்று இருபது. மேடையில் அவரைத் தவிர யாரும் இல்லை. அழைத்தேன்.

"சொல்லு தம்பி."

"ஒண்ணுமில்லண்ணே, ஒரு சந்தேகம். லைன்லயே இருங்க."

"இரு இரு, இது நகருது."

"லைன்லயே இருங்கண்ணே."

"தம்பி, நகருதுப்பா. நிக்க மாட்டேங்குது."

கையால் குச்சியை இழுத்துப் பார்த்தார். பிறகு எதற்கோ தலையைத் திருப்பி மேலே பார்த்தார். ஜன்னலில் நான் நிற்பது தெரிந்திருக்கும். போனைப் பையிலிருந்து எடுத்து எறிந்திருந்தாலே போதும், நாற்காலி நின்றிருக்கும். அவருக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். கை பைக்குத்தான் போனது. நானும் அழைப்பைத் துண்டித்திருக்கலாம். கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேல்தான் இருந்தது. ஆனால் அப்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அளந்து பார்க்காத கணக்கு வெறும் படம் என்று அவர்தானே சொல்வார். என் கணக்கில் மூன்றரை வினாடி. நடந்தபோது மூன்றேமுக்கால் ஆயிற்று. அந்தக் கால் வினாடிப் பிழைக்கு நானே முழுப் பொறுப்பு ஏற்கிறேன்.