ஒண்ணாங்கிளாஸ் சொன்ன கருத்து

இல்லங்க, அந்த மணி உங்களுக்கு இல்ல. பீரியட் முடிஞ்சதுக்கு அடிக்கிறது. நீங்க உக்காருங்க, உள்ள மீட்டிங் இப்போதைக்கு முடியாது. அந்தப் பேப்பர் கட்டைக் கீழ தள்ளிட்டு உக்காருங்க. பரவால்ல, அதெல்லாம் போன வருசத்துக் கருத்து.

ஆமா, கருத்து. பெத்தவங்க, பசங்க, டீச்சருங்க, எல்லார்கிட்டயும் ஸ்கூல் எப்படி இருக்குன்னு கேக்குறோம்ல, அந்தக் கேள்வித்தாளெல்லாம் நான்தான் தயார் பண்றேன். அதுக்குன்னே ஒரு ஆளான்னு நீங்க நினைக்கிறது மூஞ்சியிலயே தெரியுது. கல்யாண வீட்ல யாராவது என்ன வேலைன்னு கேட்டா, ஸ்கூல்ல கேள்வி கேக்குற வேலைன்னு சொல்லுவேன். ஓ, வாத்தியாரான்னு கேப்பாங்க. இல்லங்க, வாத்தியாருக்குப் பதில் முன்னாடியே தெரியும், எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன்.

லேசான வேலை இல்லங்க. முதல் வருசம், டீச்சர் அன்பாகவும் கண்டிப்பாகவும் இருக்கிறாரான்னு ஒரு கேள்வி வச்சுட்டேன். ஆமா, இல்லை, ரெண்டுதான் கட்டம். அன்பு உண்டு, கண்டிப்பு கிடையாதுன்னா எங்க டிக் அடிக்கிறது? ஒரு அம்மா ரெண்டு கட்டத்துலயும் பாதிப் பாதி டிக் அடிச்சு அனுப்பியிருந்தாங்க. இன்னொருத்தர் எதையும் படிக்காம வரிசையா மிக நன்று, மிக நன்றுன்னு போட்டுட்டார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பயம் எந்த அளவுக்கு இருக்குன்னு கேட்டதுக்கும் மிக நன்று.

டீச்சருங்க இருக்காங்களே, பரீட்சை எழுதுற பசங்க மாதிரி கையால மறைச்சுக்கிட்டு எழுதுவாங்க. வாங்கிப் பாத்தா எல்லாரும் சுமார்லயே டிக் அடிச்சிருப்பாங்க. சிரிங்க சிரிங்க. மெதுவா மட்டும் சிரிங்க, அந்தக் கதவு சரியா மூடாது. சதவீதம் காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது.

யாரா? எங்க தாளாளர்தான். நாங்க வச்ச பேரு. தும்மினாக்கூட எத்தனை சதவீதம்னு கேப்பார். நல்ல மனுசன்தான், கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அவர்தான் இந்த வருசம், ஒண்ணாங்கிளாஸையும் கேக்கணும்னுட்டார். அவங்களுக்கும் மனசு இருக்குல்லன்னார். நியாயமாத்தானே பட்டுச்சு எனக்கும்.

ஆனா ஒண்ணாங்கிளாஸ் எங்கங்க படிச்சுட்டு டிக் அடிக்கும்? அதனால மூணு மூஞ்சி வரைஞ்சேன். சிரிக்கிறது ஒண்ணு, சும்மா இருக்கிறது ஒண்ணு, கண்ணுல தண்ணி வர்றது ஒண்ணு. கிளாஸ் எப்படி இருக்குன்னு நான் கேப்பேன், ஆளுக்கு ஒரு ஸ்டார், எந்த மூஞ்சி பிடிக்குதோ அதுல ஒட்டணும். டீச்சர் கூட இருந்தா பயந்துக்கிட்டு ஒட்டுவாங்கன்னு டீச்சரை வெளிய நிக்கச் சொல்லிடுவேன். அதுவும் என் ஏற்பாடுதான். எவ்வளவு யோசிச்சு வச்சிருக்கேன் பாருங்க.

ஏ பிரிவுல அத்தனையும் சிரிச்ச மூஞ்சி. பி பிரிவுல, ரெண்டு பேரைத் தவிர அத்தனை ஸ்டாரும் அழுற மூஞ்சியில.

நான் ரெண்டு தடவை எண்ணிப் பாத்தேன். சதவீதம் பேப்பரை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறார், கள்ள நோட்டு பாக்குற மாதிரி. அந்தக் கிளாஸ்ல என்னய்யா நடக்குதுங்கிறார். ஒண்ணும் நடக்கலங்க. அந்த மிஸ் சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல.

மனசு கேக்காம மறுநாள் போய், முன்பல் ரெண்டும் விழுந்த ஒரு பாப்பா, அதைக் கேட்டேன். ஏம்மா அந்த மூஞ்சியில ஒட்டினன்னு. அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு, இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரி. அந்த மூஞ்சி அழுதுட்டு இருந்துச்சுல்லன்னுச்சு. பக்கத்துல இருந்த பொடியன், சிரிக்கிறவனுக்கு எதுக்கு ஸ்டாருங்கிறான்.

அப்புறம்தான் விளங்குச்சு. அந்தக் கிளாஸ்ல ஒரு பழக்கம். காலையில எந்தக் குழந்தை அழுதுக்கிட்டு வந்தாலும், மத்த பசங்கள்ல ஒருத்தர் போய் அதோட கையில ஒரு ஸ்டார் ஒட்டிவிடணும். மிஸ் மேசையில ஒரு டப்பா நிறைய வச்சிருக்காங்க. அடி வாங்கின முட்டியில ஒட்டுவாங்க, பல் விழுந்தா கன்னத்துல ஒட்டுவாங்க. இது தெரியாத நான் போய், ஒரு ஸ்டாரையும் கையில குடுத்து, அழுற மூஞ்சி ஒண்ணையும் எதுர்ல வச்சா, அதுங்க வேற என்னங்க பண்ணும்? பிடிச்ச மூஞ்சியில ஒட்டச் சொன்னேன், அதுங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஒரு பையன் அந்த மூஞ்சிக்குக் கண்ணைத் துடைக்க ஒரு கைக்குட்டையே வரைஞ்சு குடுத்திருந்தான். வெளிய வராந்தாவுல நின்னாங்களே அந்த மிஸ், அவங்க உள்ள இருந்திருந்தா ஒரே பார்வையில சொல்லியிருப்பாங்க.

சொன்னேன்ங்க, சொல்லாமலா? ஓடிப்போய் சதவீதத்துக்கிட்ட அத்தனையும் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டார். கேட்டுட்டு, பதில் வந்த பிறகு அதுக்கு யாரும் அர்த்தம் சொல்லக் கூடாதுங்கிற விதியை எழுதினது யாருன்னார். நான்தான். முன்னெல்லாம் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், பெரிய மிஸ், ஒவ்வொரு மோசமான பதிலுக்கும், அது அப்படி இல்லப்பா, இப்படின்னு பூசி மெழுகிடுவாங்க. அதுக்காகப் போட்ட விதி. நல்ல விதிங்க அது. இப்பவும் அது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சரி, இன்னொரு தடவை கேக்கலாம்னேன். நமக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கிறதான்னார். அதுவும் முன்னாடி நான் பேசின பேச்சுதான். பெத்தவங்க எல்லாரும் அந்த மிஸ்ஸைப் பத்தி உசத்தியாத்தானே எழுதியிருக்காங்கன்னு சொல்லிப் பாத்தேன். பெரியவங்க மரியாதைக்கு எழுதுவாங்க, குழந்தை பொய் சொல்லாதுன்னுட்டார். குழந்தை பொய் சொல்லலதாங்க. அதைத்தானே நானும் சொல்றேன்.

தாள்ல கடைசி வரி ஒண்ணு போட்டிருக்கேன், உங்கள் கருத்தின்படி நடவடிக்கை எடுக்கப்படும்னு. நம்பிக்கையா இருக்கட்டும்னு போட்டது. இப்ப முடிவை வீடுகளுக்கு அனுப்பணும், கூடவே என்ன நடவடிக்கைன்னு ஒரு வரி எழுதணும். அந்த வரிக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க.

ஆமாங்க. பி பிரிவு.

ஐயோ, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. நீங்க போனா நாளைக்கு வேற ஒருத்தர் இதே நாற்காலியில வந்து உக்காருவாங்க. உங்களுக்கும் வேலை வேணும், இல்லன்னா இந்த வெயில்ல கிளம்பி வருவீங்களா? சத்தியமா உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. யார் மேல இருக்குன்னும் தெரியல, அதான் பேசிட்டே இருக்கேன்.

இல்ல, அந்த மிஸ்ஸுக்கு இன்னும் தெரியாது. இப்ப அதே கிளாஸ்லதான் உங்களைப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க. பயிற்சிக்கு ஒருத்தங்க வர்றாங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கு. உங்களுக்கு நாற்காலியைத் தட்டிப் போடுவாங்க. எந்தப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அழுவான், எந்தப் பொண்ணுகிட்டக் குனிஞ்சு பேசணும், எல்லாம் சொல்லித் தருவாங்க. கேட்டுக்கோங்க, உங்களுக்கு உதவும். கடைசி மணி அடிச்சதும் அவங்களை உள்ள கூப்பிட்டு, நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்றதா ஏற்பாடு.

நான் எப்படிங்க சொல்றது? பசங்க என்னடா சொன்னாங்கன்னு அன்னைக்கே கேட்டாங்க. முடிவு வர்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னேன். சரிங்க ஆபீசர்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. தட்டுல சாப்பாடு வைக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து பாத்தேன், வரல.

கதவு திறக்குது. வாங்க, உங்களை அந்தக் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறதும் என் வேலைதான். உங்க பை, அதை நான் எடுத்துக்கிறேன். ஒண்ணு சொல்லிடுறேன், என்னைப் பாத்ததும் அவங்க அத்தனை பிள்ளைங்க முன்னாடியும் சாப்பிட்டியாடான்னு கேப்பாங்க, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.

ஆமாங்க, அக்கா. கூடப் பொறந்த அக்காதான். சாயங்காலம் வண்டியில பின்னாடி உக்கார வச்சு நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பாத்து வாங்க, இப்பதான் கழுவி விட்டிருக்காங்க, படி வழுக்கும்.