அறுபத்தாறாவது படம்

— கை வைக்காதேன்னு சொன்னேன்ல, அண்ணா. கிரிட்டை நான் எடுத்துக்கிறேன்.

— தொடலடி குட்டி, குனிஞ்சு பார்த்தேன், அவ்வளவுதான். மிளகு அளவு செம்பு வலை, அதுமேல என் செல்லெல்லாம் உறைஞ்சு கிடக்கு. எனக்கு ஆசை இருக்காதா?

— நைட்ரஜன்ல இருந்து வெளிய எடுத்த நேரத்துல நீ ஒரு மூச்சு விட்டா போதும், மேல பனி ஏறிடும். அப்புறம் படத்துல செல் தெரியாது, உன் மூச்சுதான் தெரியும்.

— சரி தாயே, தள்ளி நிக்கிறேன். ஆனா சொல்றதைக் கேளு. செல்லுக்குள்ள நான் கண்டுபிடிச்சு முத்துன்னு பேர் வச்சேனே, இன்னிக்கு அது தெரிஞ்சே ஆகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஜர்னலுக்குப் பதில் போகலேன்னா, பன்னெண்டு வருஷம் முன்னாடி வந்த கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லிடுவாங்க.

— ஒரு கடிதத்துக்காகவா?

— அதுவும் மொட்டைக் கடிதம். எழுதினவன் பேரை எடிட்டர் மறைச்சுட்டார். வேற எவனோ லேப்காரனா இருப்பான், வயித்தெரிச்சல். நாலே வரி எழுதியிருக்கான். "நேர்ப் படத்தை முதல்ல எடுத்துக் காட்டுங்க"ங்கிறான். எது முதல்ல வந்தா என்ன? உறைஞ்சு கிடக்கிற செல் எழுந்து ஓடியா போகப் போகுது?

— இந்த எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்ல கிரிட் எப்பவும் ஓரத்துல அறுபத்தஞ்சு டிகிரி சாய்ஞ்சுதானே ஆரம்பிக்கும். ஒவ்வொரு டிகிரியா நிமிர்ந்து, நேரா வரும்போது அறுபத்தாறாவது படம்.

— தெரியும். சாய்ஞ்ச படத்துல ஒண்ணும் தெளிவா தெரியாது, அந்த அறுபத்தாறாவதைத்தான் ஊரே பார்க்கும். நானும் அதுலதான் முத்தைப் பார்த்தேன். இன்னிக்கு அவன் ஆசைப்படி நேர்ல இருந்தே ஆரம்பி. அவன் வாயை அடைப்போம்.

— படத்துக்கு எவ்வளவு நேரம் எக்ஸ்ரே விடட்டும்?

— எப்பவும் போல நாலு செகண்ட். பளிச்சுன்னு வேணும்.

— மத்தவங்க ஒண்ணுதான் கேப்பாங்க.

— மத்தவங்க முத்தைக் கண்டுபிடிக்கலையே.

— அது சரி. பாப்பா எப்படி இருக்கா?

— அவளுக்கென்ன, ராணி. அடுத்த வாரம் அவ வகுப்புல நான் போய்ப் பேசணுமாம். "எங்கப்பா செல்லுக்குள்ள கண்டுபிடிச்சதோட பேருதான் என் பேரு"ன்னு டீச்சர்கிட்ட சொல்லி வச்சிருக்கா. கட்டுரை வந்த வாரம் பொறந்தவ இல்லையா, வேற என்ன பேர் வைப்பேன்?

— படம் வருது. பாரு.

— எங்க... கரு தெரியுது. கொழுப்புச் சொட்டு கறுப்பா தெரியுது. முத்து எங்க?

— இல்ல.

— வேற செல் காட்டு.

— இது ரெண்டாவது. இது மூணாவது. எல்லாம் நேர்ப் படம்தான், செல்லுக்கு ஒண்ணு. இது எட்டாவது.

— ஒண்ணுலயும் காணோமே. கிரிட் கெட்டுப் போச்சா?

— கெட்டிருந்தா ஐஸ் ஊசி ஊசியா குத்திக்கிட்டு நிக்கும். இது கண்ணாடி கணக்கா இருக்கு. முதல் செல்லுக்கே திரும்பப் போறேன். இந்தத் தடவை உன் பழைய வழி. ஓரத்துல இருந்து அறுபத்தஞ்சு எடுத்துட்டு நேரா வரேன். அஞ்சாறு நிமிஷம் ஆகும், அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்க. பல்லு தந்தியடிக்குது உனக்கு.

— குளிரால இல்ல.

— தெரியும்.

— ...அறுபத்து நாலு. அறுபத்தஞ்சு. அறுபத்தாறு. இருக்கு. இருக்கு குட்டி. கருவை ஒட்டி, வெள்ளையா, உருண்டையா. அதே செல்லுதானே இது?

— அதே செல்லுதான். அதே கொழுப்புச் சொட்டு பாரு, பக்கத்துல.

— அப்ப முதல்ல ஏன் இல்ல?

— நீதானே செல் படிச்சவன். நீயே சொல்லு.

— அறுபத்தஞ்சு தடவை. நாலு நாலு செகண்ட். எக்ஸ்ரே பட்டுப் பட்டு உள்ள வாயு சேர்ந்திருக்கு. உறைஞ்ச செல்லுல அது வெளிய போக வழி ஏது? பால் பொங்கற மாதிரி பொங்கி நிக்குது. இது செல்லோடது இல்ல. நாம உண்டாக்கினது.

— பட்டனை அமுக்கினது நான். அதனால நாமதான்.

— பன்னெண்டு வருஷமா ஒரு கொப்புளத்துக்குப் பேர் வச்சு மாலை போட்டிருக்கேன். வெட்கமா இருக்கு. உனக்கு ஏன் ஒரு ஆச்சரியமும் இல்ல? முன்னாடியே தெரியுமா?

— போன மாசம் கிரிட்டைச் சாய்க்கிற மோட்டாரை மாத்தினோம். சரியா நிக்குதான்னு பார்க்க நேர்ல இருந்து ஓட்டணும். உன் பழைய கிரிட் ஒண்ணு நைட்ரஜன் தொட்டியில மிச்சம் கிடந்தது, அதைப் போட்டேன், முத்தைக் காணோம். அன்னிக்கே உனக்கு ஃபோன் பண்ணினேன்.

— பண்ணினியா?

— மூணு நாள். "மெஷின் விஷயமா, அப்புறம் பேசலாம் குட்டி, தலைக்கு மேல வேலை"ன்னு மூணு நாளும் வச்சுட்ட.

— சரி. தப்புதான். இப்ப சொல்றதைக் கேளு. இந்த ரெண்டாவது ஓட்டத்துப் படத்தை, நேர்ல ஆரம்பிச்சதுன்னு சொல்லி அனுப்பறேன். அந்த முதல் படங்களை அழிச்சிடு.

— ஓரத்துல எத்தனையாவது படம்னு நம்பர் இருக்கு.

— ஓரத்தை வெட்டிடலாம்.

— அண்ணா.

— எனக்காகக் கேக்கலை. பாப்பா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன், உன் பேரு ஒரு கொப்புளம்னு? ரெண்டு வருஷம் போகட்டும், அவ வளரட்டும், நானே எழுதிடறேன்.

— அதுக்குள்ள யாராவது கேட்டா?

— யாரு கேப்பா? இந்த ரூம்ல நாம ரெண்டே பேர். நான் சொல்லப் போறதில்ல, நீயும் என்னைக் காட்டிக் கொடுக்கப் போறதில்ல. அந்தக் கடிதம் எழுதினவன் எங்கயோ இருக்கான், இங்க நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

— அவன் இல்லண்ணா, அவ. இந்த ரூம்லதான் இருக்கா. இன்னும் ஒரு கிரிட் மிச்சம் இருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்?