கழுவிய தண்ணீரை வீசாதவர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் நடராசா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பேராசிரியர் சண்முகவடிவு அவர்களின் மகள் சுதர்ஷினி அவர்களே, வட்டகொடையிலிருந்து முதல் பஸ் பிடித்து இந்த அட்டன் மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நான் ஆண்டியப்பன். பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் பதினெட்டு வருடம் உதவியாளனாக இருந்தவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. நன்றி சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

அவர் அப்படி என்னதான் ஆராய்ந்தார் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. இரட்டை இழையாக இருக்கிறது. எந்த மரபணு சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு அதன் மேல் மெதைல் என்ற சின்ன அடையாளம் உண்டு. கலம் இரண்டாகப் பிரியும்போது பழைய இழையில் அடையாளம் இருக்கும், புதிய இழை வெறுமையாக இருக்கும். பழையதைப் பார்த்துப் புதியதில் அடையாளம் இடுவது ஒரு நொதியம். அது தவறினால் கலம் தன் வேலையை மறந்துவிடும். அந்த நொதியத்தை எழுப்புவது எது? அதுதான் அவருடைய கேள்வி.

நொதியத்தைப் பிரித்தெடுப்பது என் வேலை. என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கூடையில் ஒரு முற்றல் இலை கிடந்தாலும் மேற்பார்க்கும் கண்டாக்கு கத்துவார். அந்தப் பயம் என் கையிலும் இருந்தது. மூன்று தடவை கழுவச் சொன்னதைப் பத்து தடவை கழுவினேன். அரைகுறைச் சுத்தத்தில் நன்றாக வேலை செய்த நொதியம், முழுக்கச் சுத்தமானதும் படுத்துவிட்டது. நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். கடைசியில் விலகல் கடிதம் எழுதிக்கொண்டு போய், நடந்ததைச் சொல்லி நீட்டினேன்.

அவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. "ஆண்டியண்ணே, கழுவின தண்ணி எங்க?" என்றார்.

"வீசத்தான் எடுத்து வச்சிருக்கேன் மிஸ்."

"வீசாதீங்க. வேண்டியது ஏதோ அதுல போயிருக்கு."

அந்தத் தண்ணீரில் இருந்த புரதங்களைத் திரட்டித் திரும்பச் சேர்த்தோம். நொதியம் எழுந்துகொண்டது. அது தன் வாயைத் தன் உடம்பாலேயே மூடி வைத்திருக்குமாம். இன்னொரு புரதம் முன்னால் போய், வேலை இருக்கிற இடத்தில் ஒரு குறி வைக்க வேண்டும். அந்தக் குறியைப் பிடித்தால்தான் வாய் திறக்கும். சுத்தம் சுத்தம் என்று நான் வெளியேற்றியது அந்தத் துணையைத்தான். வெளிநாட்டார் முன்பே எழுதியதுதான் இது. ஆனாலும் வேறு யாராவது என்னைத் திட்டாமல் விட்டிருப்பார்களா? என் தவறைப் பரிசோதனையாக்கி, கட்டுரையில் என் பெயரையும் போட்டிருப்பார்களா? அவர் போட்டார்.

அவர் போன பிறகு நானும் ஒதுங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அவருடைய மேசையை ஒழுங்கு செய்தோம். இழுப்பறையில் என் கடிதம் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் விட்ட வேலை பாதியில் நிற்கிறது. மிஸ், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கூடத்தில் இருப்பேன். மூன்று தடவைதான் கழுவுவேன்.